பீடோங்கில் ஒரு வாடகைக் கார் கடை: ஜெராய் மலையும் கடலும் சுற்றிப் பார்க்க

ஜெராய் மலையையும் அதன் மேற்குச் சரிவுக்குக் கீழே விரியும் கடற்கரையையும் பார்க்க வருவோர் பலர், பினாங்கு விமான நிலையத்தில் காரை வாடகைக்கு எடுத்து, பாலத்தைக் கடந்து, பிளஸ் நெடுஞ்சாலை வழியாக மலேசியாவின் வடக்கிலுள்ள கெடா மாநிலத்துக்குள் நுழைகிறார்கள். கார் புதியதாக இருக்கும். ரசீது ஒழுங்காக வரும். ஆனால் காரைக் கொடுப்பவருக்கு இந்த மலைச்சாலையைப் பற்றியோ, மெர்போக் ஆற்றங்கரையில் பாதை எங்கே முடிகிறது என்பதைப் பற்றியோ சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. மலையடிவாரத்தை ஒட்டியுள்ள பீடோங் போன்ற ஒரு தோட்டப்புறச் சிற்றூரில் காரை எடுப்பதே இந்த வட்டாரத்துக்குப் பொருத்தம் என்பது, இங்குள்ள ஒரு கடையில் பலமுறை கார் எடுத்த பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கும் கருத்து. அதற்காக அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட முடியாது. வண்டிக்கும் வழிக்கும் கொடுக்கும் கவனத்தை அவர்கள் காகிதத்துக்குக் கொடுப்பதில்லை. அந்தக் குறை சிறியதன்று என்பதால் அதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

பீடோங், சுங்கைப் பட்டாணிக்கும் குரூணுக்கும் நடுவே, பழைய கூட்டரசுச் சாலையின் மேல் அமைந்த ஊர். சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த கடைத்தெரு இது. இன்று பால்மரங்களுக்கு இடையே செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் புகுந்துவிட்டன. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் பலர் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இடிஎஸ் எனப்படும் விரைவு மின்ரயிலில் வருகிறவர்கள் சுங்கைப் பட்டாணியிலோ குரூணிலோதான் இறங்க வேண்டும். அங்கிருந்து மெர்போக், தஞ்சோங் டாவாய், யான் போன்ற இடங்களுக்குப் பேருந்தை நம்பிக் கிளம்புகிறவர் பகல் முழுவதையும் நிறுத்தத்திலேயே கழிக்க நேரிடும். மின்னழைப்புக் காரில் போய்ச் சேரலாம். திரும்பி வர வேறொரு கார் கிடைக்குமா என்பது மாலையில்தான் தெரியும். ஆகவே சொந்தக் கார் இல்லாதவருக்கு வாடகைக் காரைத் தவிர உருப்படியான வழி இல்லை.

நான் குறிப்பிடும் கடை, பெரிய சாலையிலுள்ள ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில், டயர்க் கடைக்கு அடுத்து இருக்கிறது. முகப்பில் ஒரு மேசை, சுவரில் சாவிகள் தொங்கும் பலகை, சாமிப்படம், அவ்வளவுதான். மேசையில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவரை வாடிக்கையாளர்கள் எல்லாரும் அக்கா என்றே அழைக்கிறார்கள். அவருடைய கணவர் முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவர். வண்டிகளைப் பராமரிப்பது அவருடைய பொறுப்பு. இந்தத் தொழில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொடங்கப்பட்டதன்று. கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள், தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் கருமக்கிரியைக்கும் ரயிலில் வந்து இறங்கும்போது, ஒரு நாளோ இரண்டு நாளோ ஓட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. பிறகு செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும், அவர்களைப் பார்க்க வரும் பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். மலையும் கடலும் பார்க்க வருகிறவர்கள் மூன்றாவதாக வந்தவர்கள். கடையின் பலமும் பலவீனமும் இந்த வரலாற்றிலிருந்தே வருகின்றன: தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையின் மேல் எல்லாம் நடக்கிறது.

வாடகை நியாயமானது. நான் கடைசியாக எடுத்தபோது சிறிய அக்சியா காருக்கு ஒரு நாளைக்கு 110 ரிங்கிட்டும் அதைவிடச் சற்றுப் பெரிய மைவிக்கு 140 ரிங்கிட்டும் வாங்கினார்கள். முன்பணம் 200 ரிங்கிட். சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்துக்கே காரைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. பெட்ரோல் கணக்கு இங்கே லிட்டரில் நடப்பதில்லை. காட்டியில் எத்தனை கோடு இருந்ததோ அத்தனை கோட்டோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கு கோடு என்று எடுத்து ஐந்து கோட்டில் விட்டால் அந்த ஒரு கோடு கடைக்குப் போய்ச் சேரும் என்பதை எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார்கள்.

எந்தக் காரை எடுப்பது என்பதில் சிக்கனம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்சியாவின் இயந்திரம் 998 சிசி, மூன்று சிலிண்டர். கடற்கரைச் சாலைகளுக்கும் ஊருக்குள் சுற்றுவதற்கும் அது தாராளமாகப் போதும். வயல்வெளிக் கிராமங்களின் குறுகிய பாதைகளில் சிறிய வண்டியே வசதியும்கூட. ஆனால் பெரியவர்கள் நான்கு பேர் ஏறி, பின்னால் பைகளையும் வைத்துக்கொண்டு ஜெராய் மலை ஏறினால் வண்டி முனகும். குளிரூட்டியை அணைத்தால்தான் சில வளைவுகளில் வேகம் பிடிக்கும். இரண்டு பேருக்கு அக்சியா, அதற்கு மேல் மைவி என்று வைத்துக்கொள்வது நல்லது. நாற்சக்கர உந்துதல் கொண்ட பெரிய வண்டிகளை எடுத்துக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். மேலே போகும் பாதை முழுவதும் தார்ச்சாலைதான் என்பதால் அந்தச் செலவுக்கு அவசியம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். நாட்டின் நடுமுதுகாக ஓடும் தித்திவாங்சா மலைத்தொடரைப் போலச் சிறிது சிறிதாக உயரும் மலையன்று இது; கடல் மட்டத்தை ஒட்டிய வயல்வெளியிலிருந்து தனித்து எழும் மலை. அதனால்தான் பழங்காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு இது தொலைவிலிருந்தே தெரியும் அடையாளமாக இருந்தது. அதே காரணத்தால் மேலே செல்லும் சாலையும் குறுகிய தூரத்தில் மிகுந்த உயரத்தை ஏற வேண்டியிருக்கிறது. குரூண் பக்கத்திலிருந்து தொடங்கும் இந்தச் சாலை பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், வளைவுகள் நெருக்கமானவை, சில இடங்களில் எதிரே வேன் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். கேமரன் மலைக்குத் தாப்பா வழியாக ஏறிப் பழகியவர்களுக்கு இது பயமுறுத்தும் சாலையாக இருக்காது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சமவெளிச் சாலைகளில் மட்டுமே ஓட்டியவர்கள், முதல் முறை காலை வெளிச்சத்தில் ஏறுவதே நல்லது.

ஏறுவது இயந்திரத்துக்குச் சோதனை என்றால் இறங்குவது பிரேக்குக்குச் சோதனை. தானியங்கிக் கியர் வண்டியை ஓட்டுகிறவர்களில் பலர் கியரை ‘டி’ நிலையிலேயே விட்டுவிட்டு, கீழே வந்து சேரும் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார்கள். தொடர்ந்து உராயும் தட்டுகள் சூடேறினால் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். சூடு பிரேக் எண்ணெய் வரை போய் அது கொதித்துவிட்டால், மிதி பஞ்சுபோல உள்ளே இறங்குமே தவிர வண்டி நிற்காது. கியரைக் கீழ்நிலைக்கு மாற்றிவிட்டால் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பு மட்டும் அழுத்தி விட்டால் போதும். இந்தப் பாடத்தைச் சாவி கொடுக்கும்போதே சொல்லித் தருகிற வாடகைக் கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. மலைக்குப் போகிறோம் என்று சொன்னால் அக்காவின் கணவர் எழுந்து வெளியே வந்து, ஓட்டுநர் இருக்கைக் கதவைத் திறந்து, கியர்த் தண்டில் எந்த நிலைக்கு மாற்ற வேண்டும் என்று கைவைத்துக் காட்டுகிறார். “எறங்கும்போது பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராதீங்க தம்பி, சத்தம் போட்டா போடட்டும், கியருதான் வண்டிய புடிக்கணும்” என்பது அவர் எல்லாரிடமும் சொல்லும் வாக்கியம். பாரம் ஏற்றிய லாரியைத் தோட்டத்து மேட்டிலிருந்து இறக்கிப் பழகியவரின் பேச்சு என்பதால் அதைக் கேட்டுக்கொள்ளாமல் போகிறவர்கள் குறைவு.

சொல்வதற்கேற்ப வண்டிகளும் இருக்கின்றன. டயர்களின் பள்ளம் தேய்ந்த நிலையில் எந்த வண்டியையும் எனக்குக் கொடுத்ததில்லை. மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று என் முன்னாலேயே அழுத்திப் பார்த்தார்கள். இருக்கை உறைகள் பழையவை, ஒரு மைவியின் வானொலி ஒரே ஒரு அலைவரிசையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இவற்றை நான் குறையாக எண்ணவில்லை. மலையிலிருந்து இறங்கும் வண்டியில் பளபளப்பான உள்ளலங்காரத்தைக் காட்டிலும் பிரேக் தட்டின் கனமே முக்கியம்.

மலையின் உச்சி முனையில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் பொதுமக்கள் நுழைய முடியாத பகுதியும் இருப்பதால், உச்சியைத் தொட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. அதற்குச் சற்றுக் கீழேயுள்ள தங்குவிடுதிப் பகுதி வரைதான் கார் போகும். பார்ப்பதற்கு அதுவே போதுமானது. வானம் தெளிந்திருந்தால் தெற்கே பினாங்குத் தீவும் வடமேற்கே லங்காவியும் தெரியும். காலடியில் கெடாவின் நெல்வயல்கள் கடலோரம் வரை கட்டம் கட்டமாகக் கிடக்கும். நடவு முடிந்திருந்தால் பச்சை, கதிர் முற்றியிருந்தால் மஞ்சள், நீர் பாய்ச்சியிருந்தால் கண்ணாடி. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம் விளைவதால், எந்த மாதத்தில் வந்தாலும் ஏதாவது ஒரு நிறம் கிடைக்கும். பிற்பகலில் மேகம் இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து இறங்க வேண்டியதுதான். ஆகவே மலையைக் காலையிலும் கடலை மாலையிலும் வைத்துக்கொள்வது சரியான வரிசை.

மலையில் ஏறி இறங்கியதோடு திரும்பிவிடாமல், அதைச் சுற்றி வருவதையும் நான் பரிந்துரைப்பேன். பீடோங்கிலிருந்து மேற்கே செமிலிங், மெர்போக் வழியாகச் சென்று, சிங்கிர் வழியே வடக்கே திரும்பி யான், பிறகு குவார் செம்படாக், குரூண் வழியாக மறுபடியும் பீடோங் என்று வந்தால், ஜெராய் மலை முழுவதையும் வலமாகச் சுற்றி வந்ததாகும். திருவண்ணாமலையில் நடந்து போகிறவர்கள் இங்கே காரில் கிரிவலம் வரலாம் என்று சொல்லிக்கொள்ளலாம். பக்தியைத் தள்ளிவைத்தாலும் இந்தத் திசைக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுவதால், வலம் வருகிறவருக்கு மலை வலப்புறமும் கடல் இடப்புறமும் அமையும். யான் ஊரை ஒட்டிய கடலோரத்தில் எங்கே நிறுத்த விரும்பினாலும் எதிர்த்தடத்தைக் கடக்காமல் ஓரம் கட்டிவிடலாம். மலையேற்றத்தையும் பக்கத்துக் கிளைச்சாலைகளையும் சேர்க்காவிட்டால் இந்தச் சுற்று 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். டோல் கட்டணம் ஒரு காசு கிடையாது.

இந்தச் சுற்றில் தமிழர்கள் அவசியம் நின்று பார்க்க வேண்டிய இடம் மெர்போக்கை அடுத்த புக்கிட் பத்து பஹாட். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்து பல கட்டட எச்சங்களைப் பதிவு செய்தார். அவற்றுள் எட்டாவது எண்ணிட்ட கோயிலின் அடித்தளம், மலையிலிருந்து இறங்கும் ஓடையின் கரையில், 1960ஆம் ஆண்டளவில் மறுசீரமைக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. கருங்கல்லால் ஆன விமானத்தின் அடியும் அதற்கு முன்னே மண்டபத்தின் தூண்தாங்கிக் கற்களும் இருக்கின்றன. மேல்கட்டுமானம் மரத்தாலானது என்பதால் எஞ்சவில்லை. பக்கத்திலேயே தொல்லியல் அருங்காட்சியகம் உண்டு. பள்ளத்தாக்கின் பிற இடங்களில் கிடைத்த அடித்தளங்கள் சிலவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து அதன் வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். 1025ஆம் ஆண்டில் கடற்படை அனுப்பிக் கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்ற இராசேந்திர சோழனின் கடாரம் இந்தக் கெடாவே என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அதைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடத்தை ஒருமுறையும் பார்க்காதவர்கள் பீடோங்கிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். பதினோராவது எண்ணிட்ட கோயிலின் எச்சத்தை ஒரு நில மேம்பாட்டாளர் இடித்துத் தள்ளிவிட்ட செய்தி 2013ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. இருக்கிறவற்றையாவது இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மெர்போக்கிலிருந்து தென்மேற்கே போகும் சாலை தஞ்சோங் டாவாயில் ஆற்று முகத்துவாரத்தில் முடிகிறது. மீனவர் ஊர், கருவாடும் நெத்திலியும் பெக்காசம் எனப்படும் புளிக்கவைத்த மீனும் வாங்குவதற்கென்றே வெளியூர்களிலிருந்து வருவார்கள். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா கடற்கரை கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் கார் போக வழியில்லை. வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டுப் படகில் ஏறிப் போய் வர வேண்டும். நிறுத்துமிடத்தில் நிழல் குறைவு என்பதால் வெயிலில் காய்ந்த காருக்குள் கருவாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகக் கூடாது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. கடையின் ஒப்பந்தத்தில் டுரியான், கருவாடு ஆகிய இரண்டின் பெயரையும் எழுதி, வாடை இருந்தால் 50 ரிங்கிட் கழிக்கப்படும் என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்திலேயே மிகத் தெளிவாக எழுதப்பட்ட விதி அதுதான். காற்றுப் புகாத பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

ஆற்றுக்குத் தெற்கே, கோத்தா கோலா மூடாவுக்குத் தனியாக ஒரு பகலை ஒதுக்கலாம். அங்குள்ள மீன் சந்தைக்குப் பாசார் பீசிக் என்று பெயர். படகுகள் கரை திரும்பியதும் மீனை ஏலம் விடுகிறார்கள், ஆனால் யாரும் கூவுவதில்லை. வாங்க விரும்புகிறவர் விற்பவரின் காதருகே சென்று தம் விலையை முணுமுணுக்கிறார். எல்லாரும் சொல்லி முடித்த பின் விற்பவர் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறார். வாய்ச் சண்டையில்லாத சந்தை. அதே ஊரில், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது இடிந்த வீடுகள் சிலவற்றை அப்படியே விட்டுவைத்து, படகுகளை அடுக்கிய நினைவுச் சின்னம் ஒன்றையும் எழுப்பியிருக்கிறார்கள். மலேசியக் கடற்கரையில் அந்த அலையால் பெரிதும் பாதிக்கப்பட்ட இடங்களுள் இது ஒன்று.

யான் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும்: கடலில் இறங்கிக் குளிக்க ஏற்ற மணற்கரை இல்லை, சேற்றுப்பாங்கான கரைதான். அங்கே ஓட்டிச் செல்வதே இன்பம். ஒருபுறம் வயலும் மறுபுறம் கடலும் வரும் சாலைத் துண்டுகளும், புந்திங் தீவுக்குப் போகும் பாலமும் போதும். மலைச்சரிவிலிருந்து இறங்கும் ஸ்ரீ பெரிகி, தித்தி ஹாயுன் நீர்வீழ்ச்சிகள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் மலையில் பெய்த கனமழையால் மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு வந்த திடீர் வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பலிகொண்டது. கீழே வெயில் அடித்தாலும் மலையுச்சி கறுத்திருந்தால் ஓடைக்குள் இறங்கக் கூடாது. கடையில் சாவி கொடுக்கும்போது அன்றைய மழை நிலவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அக்கா யாருக்காவது தொலைபேசியில் பேசிச் சொல்வார்.

வெளிமாநிலத்தவர் மறந்துவிடும் ஒன்று, கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பது. ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள். மலைச்சாலை காலியாக இருக்கும், வெள்ளிக்கிழமையோ மேலே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் தெற்கிலிருந்து வருகிறவர்கள் சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை சுற்றினால் வசதி. மற்றொன்று வழிகாட்டிச் செயலிகள். வேஸ் குறுக்கு வழி என்று சொல்லித் தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் இழுத்துவிடும். அவை தோட்ட நிறுவனங்களின் தனிச்சாலைகள், மாலையானால் தடுப்புக் கம்பியைப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பாதையில் வண்டியின் அடிப்பாகம் அடிபட்டால் செலவு முழுவதும் எடுத்தவர் தலையில்தான் விழும். கறுப்புத் தார் இருக்கும் வரை போங்கள், அதற்கு மேல் போகாதீர்கள் என்பது கடைக்காரரின் அறிவுரை.

இனி குறைகளுக்கு வருகிறேன். ஒப்பந்தம் என்று அவர்கள் நீட்டுவது ஒரே ஒரு தாள். பெயர், அடையாள அட்டை எண், வண்டி எண், தேதி ஆகியவற்றுக்குக் கோடுகள் இருக்கின்றன. வண்டியின் உடலில் ஏற்கெனவே உள்ள கீறல்களைக் குறிப்பதற்குப் படமும் இல்லை, இடமும் இல்லை. ஒருமுறை திருப்பிக் கொடுத்தபோது முன்பக்க பம்பரில் இருந்த பழைய கீறலைக் காட்டி, கடையில் உதவிக்கு நின்ற இளைஞர் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். எடுக்கும்போதே நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்ததால் பேச்சு அத்தோடு முடிந்தது. அக்கா மன்னிப்பும் கேட்டார். படம் இல்லாதவருடைய பேச்சு எப்படி முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. முன்பணத்துக்கு ரசீது கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள், அதையும் கேட்பவரை நம்பிக்கையில்லாதவர் போலப் பார்த்துக்கொண்டே தருகிறார்கள்.

இதைவிடப் பெரியது காப்புறுதி. தனியார் பயன்பாட்டுக்கென எடுக்கப்பட்ட வாகனக் காப்புறுதி, வாடகைக்கு விடப்படும் வண்டிக்குப் பொருந்தாது. அந்த விலக்கு பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வாடகைக்கு விடுவதற்கு அதற்குரிய உரிமமும் அதற்குரிய காப்புறுதியும் வேண்டும். இந்தக் கடையில் சில வண்டிகளுக்கு அவை முறையாக இருக்கின்றன. வேறு சில, உறவினர்களின் பெயரில் பதிவான தனியார் வண்டிகள், கூட்டம் அதிகமான நாள்களில் சாவிப்பலகைக்கு வந்துவிடுகின்றன. ஓட்டும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. விபத்து என்று ஒன்று நேர்ந்து, எதிரே வந்தவருக்குக் காயம் ஏற்பட்டு, இழப்பீட்டுக் கோரிக்கை வரும்போதுதான் தெரியும். நாட்டின் எல்லாச் சிறுநகரங்களிலும் இது நடக்கிறது என்று அக்கா சொன்ன பதில் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது பதிலாகாது. நான் ஒவ்வொரு முறையும் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லி, வாடகைப் பயன்பாடு என்று இருக்கும் வண்டியைத்தான் எடுக்கிறேன். கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். கேட்காதவருக்குத் தாமாகவே சொல்வதில்லை என்பதுதான் இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் குறைப்பதற்கு முதன்மையான காரணம்.

சிறுவர் இருக்கை இல்லை என்பது அடுத்த குறை. தனியார் வாகனங்களில் குழந்தைகளுக்கு அதற்கான இருக்கை 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கட்டாயம்; மலை வளைவுகளில் சட்டம் இல்லாவிட்டாலும் அது தேவைதான். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் தங்களுடையதைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பாட்டி மடியில் உட்காரட்டும் என்று கடையில் சொல்லப்படும் யோசனையை யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இவற்றுக்கு நடுவே, வழியில் உதவி என்ற ஒன்றில் அவர்கள் பெரிய நிறுவனங்களை மிஞ்சுகிறார்கள். குவார் செம்படாக்கை அடுத்து எங்கள் வண்டியின் மின்கலம் செயலிழந்து நின்றபோது, தொலைபேசியில் எந்த எண்ணையும் அழுத்தச் சொல்லும் பதிவுக் குரல் இல்லை. அக்காவின் கணவரே எடுத்தார், நின்ற இடத்தின் அருகிலுள்ள கோயிலைச் சொன்னதும் புரிந்துகொண்டார், மற்றொரு காரை ஓட்டிவந்து எங்களிடம் கொடுத்துவிட்டுப் பழுதான வண்டியோடு அங்கேயே நின்றுகொண்டார். வீணான நேரத்துக்காக அன்றைய வாடகையில் பாதியைக் கழித்தும் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஓட்டுவதில் சிரமம் இராது; அங்கும் இங்கும் இடப்பக்க ஓட்டம்தான். அவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைத் தங்கள் ஊர் உரிமத்தோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டும். சிங்கப்பூர் போன்ற ஆசியான் நாடுகளின் உரிமம் உள்ளவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய திட்டப்படி மானிய விலை ரோன் 95 பெட்ரோல் மைகார்டு என்ற அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்குத்தான் என்பதால், வெளிநாட்டு உறவினர் மட்டும் காரை எடுத்துச் சென்றால் எண்ணெய்ச் செலவு சற்றுக் கூடும். மலையின் மேல் பெட்ரோல் நிலையம் கிடையாது. குரூணிலேயே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

தீபாவளி, சீனப் பெருநாள், பள்ளி விடுமுறை ஆகிய காலங்களில் ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வருவதால் முறையான உரிமம் உள்ள வண்டிகள் முதலில் போய்விடும். பினாங்குத் தைப்பூசத்துக்குப் போகிறவர்களும் இங்கே கார் எடுக்கிறார்கள். அந்த நாள்களில் வருவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே தொலைபேசியில் கேட்டு, வண்டி எண்ணையும் காப்புறுதிப் பத்திரத்தின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே முன்பணம் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடையைச் சிறிது நேரம் சாத்திவிடுவார்கள் என்பதால் அந்த நேரத்தில் காரைத் திருப்பிக் கொடுப்பதாக வைத்துக்கொள்ள வேண்டாம்.